என் வீட்டில் அஞ்சு கட்டை, மகன் வீட்டில் நாலேகால் கட்டை!

வீட்டு ஒலிப்பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களைத் தரையில் பரப்பிப் போட்டுப் பார்த்தேன். எந்த மைக் வாங்கலாம், சுவரில் என்ன ஒட்டலாம் என்கிற வழக்கமான கேள்விகளை ஒதுக்கிவிட்டால், மிச்சம் இருப்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்து நோய்கள்: பதிவுப் பெட்டிகளின் கடிகாரம், அதாவது க்ளாக், ஒத்துப்போகாத கோளாறு. எழுதியவர்களுக்குத்தான் அது தெரியவில்லை. ஒருவர் மைக்கைத் திட்டுகிறார், ஒருவர் கேபிளை, இன்னொருவர் தன் தொண்டையையே. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் வீட்டில் பாட்டுச் சொல்லித் தருகிறேன். மாணவி ஒருத்தி அஞ்சு கட்டைச் சுருதியில் பாடியதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பெங்களூரில் இருக்கும் என் மகனுக்குக் கீபோர்டு சேர்க்க அனுப்பினேன். "அம்மா, இது அஞ்சு கட்டையும் இல்லை, நாலரையும் இல்லை. கீபோர்டில் எந்தக் கட்டையிலும் உட்கார மாட்டேங்குது. குரலும் கனத்துப் போயிருக்கு" என்கிறான். இங்கே என் கம்ப்யூட்டரில் போட்டால் சுத்தமான அஞ்சு கட்டை. தம்பூராவை மொபைல் ஆப்பில் வைத்தேன், அதில் கோளாறா? போன விடுமுறையில் மகன் வந்து, கூடுதல் மைக் மாட்டுவதற்காக ஒரு பெட்டியை இணைத்துவிட்டுப் போனான். அதற்கு முன் இந்தத் தொல்லை இல்லை.
– பாட்டு டீச்சர், கும்பகோணம்

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்கலாம். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் பதிவு செய்வது என்றால், ஒலியை ஒரு நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து எண்களாக எழுதி வைப்பது. அந்த 'இத்தனை முறை'தான் சாம்பிள் ரேட். அளப்பது, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி. எழுதி முடித்த ஃபைலின் தலையில் "இது நொடிக்கு 44,100" என்று சீட்டு ஒட்டுவது சாஃப்ட்வேர். உங்கள் வீட்டில் அளந்தவர் ஒரு கணக்கில் அளந்திருக்கிறார், சீட்டு எழுதியவர் வேறு கணக்கை எழுதியிருக்கிறார். மகன் மாட்டிய பெட்டியின் பின்பக்க ஸ்விட்ச் 48-ல் இருக்கும். உங்கள் இன்டர்ஃபேஸ் அந்தப் பெட்டியைப் பார்த்து நொடிக்கு 48,000 முறை அளக்கிறது. சாஃப்ட்வேரோ பழைய நினைப்பில் 44,100 என்றே எழுதுகிறது.

அப்படியானால் உங்கள் வீட்டில் மட்டும் எப்படிச் சரியாகக் கேட்கிறது? தப்பான படியால் அளந்து போட்ட நெல்லை அதே படியால் திருப்பி அளந்தால் கணக்கு சரியாகத்தான் வரும். அடுத்த வீட்டுப் படியில் அளக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். உங்கள் பெட்டி பாடும்போதும் 48,000-ல் ஓடுகிறது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. மகன் வீட்டுப் பெட்டி சீட்டை நம்பி 44,100-ல் ஓட்டுகிறது. பாட்டு நிதானமாகிச் சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் இறங்குகிறது (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்தான் ஓர் அரைச்சுரம்). அஞ்சு கட்டையிலிருந்து அவ்வளவு இறங்கினால் நாலுக்கும் நாலரைக்கும் நட்ட நடுவில் வந்து நிற்கும். நாலேகால் கட்டை எந்த ஹார்மோனியத்திலும் கிடையாது. பிள்ளையின் காது நல்ல காது.

நம்பிக்கை வரவில்லையா? அந்த ஃபைலை உங்கள் செல்போனிலேயே போட்டுக் கேளுங்கள், மகன் கேட்டதுதான் கேட்கும். அல்லது கடிகாரத்தை வைத்துக்கொண்டு "தொடக்கம்" என்று சொல்லி, சரியாக 60 நொடி கழித்து "முடிவு" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். திரையில் இரண்டு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 60 இருந்தால் குற்றமில்லை. 65.3 நொடி காட்டினால் 48,000-ல் அளந்து 44,100 என்று எழுதியிருக்கிறது. 55.1 காட்டினால் கதை தலைகீழ். புதிதாக எந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்தாலும் இந்த ஒரு நிமிஷப் பரீட்சையை நான் இன்றும் வைக்கிறேன்.

பாடியதை மறுபடி பாட வைக்க வேண்டாம். எண்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, சீட்டை மட்டும் திருத்த வேண்டும். அடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்து, ட்ராக்கின் பெயரைச் சொடுக்கி, 'ரேட்' என்ற இடத்தில் 48,000 என்று மாற்றுங்கள். அந்தக் கணமே அஞ்சு கட்டைக்கு வந்துவிடும். பிறகு எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள். 'ரீசாம்பிள்' என்று ஒரு மெனு இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது தப்பான நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்களை மட்டும் புதிதாக எழுதும். நோய் அப்படியே இருக்க, சீட்டு மட்டும் மாறும்.

இனிமேல் வராமலிருக்க, பெட்டியின் ஸ்விட்ச், இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனல், சாஃப்ட்வேரின் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் இந்த மூன்றும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பதிவுக்கு முன் பாருங்கள். விண்டோஸ் என்றால் அதன் சவுண்ட் செட்டிங்ஸில் நாலாவதாக ஓர் எண் ஒளிந்திருக்கும், அதையும்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போன் போட்டுப் பாட்டு கேட்டால் அருமை. அதே ஹெட்போனில் ரெக்கார்டிங் ஆரம்பித்தால் டெலிபோனில் கேட்பது மாதிரி ஆகிவிடுகிறது. ஹெட்போன் போய்விட்டதா?
– சேலம்

பதில்: போகவில்லை. அதன் மைக்கை எடுத்துக்கொண்டதும் ப்ளூடூத் தானாகவே போன் பேசும் முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையில் பெரும்பாலும் நொடிக்கு 16,000 சாம்பிள், பழைய செட்டில் 8,000. 16,000 என்றால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. தாளச் சத்தத்தின் பளபளப்பு முழுக்கப் போய்விடும். மைக்கை வேறு பெட்டியிலிருந்து எடுத்தாலும் ப்ளூடூத்தில் ஒலி தாமதித்துத்தான் வரும். தம்பி, 500 ரூபாய்க்கு ஒயர் வைத்த ஹெட்போன் வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, இரண்டு மைக் போடும் இன்டர்ஃபேஸோடு எட்டு மைக்கின் சிக்னலைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றை ஆப்டிகல் கேபிளில் இணைத்திருக்கிறேன். பஜனைக் குழுவைப் பதிவு செய்கிறேன். நொடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று சின்னச் சத்தம். டோலக் வாசிக்கும்போது தெரியவில்லை, ஆலாபனையில் மானம் போகிறது. மூன்று கேபிள் மாற்றினேன், மைக்கும் மாற்றினேன். இரண்டு பெட்டியுமே 44.1 என்றுதான் காட்டுகின்றன.
– நாகர்கோவில்

பதில்: கேபிளுக்குச் செலவழித்த பணத்துக்கு என் அனுதாபம். ஒரு கேள்வி: இன்டர்ஃபேஸில் நேராகச் செருகிய 1, 2-ம் மைக்கிலும் டிக் வருகிறதா? வராது என்று நினைக்கிறேன். ப்ரீஆம்ப் வழியாக வரும் எட்டில் மட்டும், எட்டிலும் ஒரே கணத்தில் வரும். அப்படியானால் மைக்குக்கும் கேபிளுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

ஊரில் ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி கையைப் பார்த்து இன்னொருத்தி போடுவாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு 'எனக்குத் தாளம் தெரியும்' என்று இடித்தால் கொஞ்ச நேரத்தில் உலக்கையும் உலக்கையும் மோதும். உங்கள் இரண்டு பெட்டியும் கண்ணை மூடிக்கொண்டு இடிக்கின்றன. சாம்பிள் எடுக்கத் தாளம் போடும் க்ளாக் இரண்டிலும் 'இன்டர்னல்', அதாவது அதனதன் சொந்தக் கடிகாரம், என்று இருக்கும். இரண்டும் 44.1 என்று காட்டினாலும், உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகங்கள் அச்சாக ஒன்றுபோல அதிர்வதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வையுங்கள், அது சாதாரணம். கைக்கடிகாரமாக இருந்தால் நாளுக்கு ஒன்றேமுக்கால் நொடி. ஆனால் 44,100-ல் அந்த வித்தியாசம் நொடிக்குச் சுமார் 0.9 சாம்பிள். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சாம்பிள் கூடுகிறது அல்லது காணாமல் போகிறது. அந்த இடம்தான் உங்கள் டிக்.

மருந்து: யாராவது ஒருவர் மட்டும் தலைவர். உங்களிடம் ப்ரீஆம்ப்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள்தான் போகிறது என்றால், ப்ரீஆம்ப்தான் தலைவராக இருக்க முடியும். அதை இன்டர்னலில் விட்டுவிட்டு, இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் க்ளாக் சோர்ஸை 'ஏடாட்' அல்லது 'ஆப்டிகல்' என்று மாற்றுங்கள். 'லாக்' என்று விளக்கோ எழுத்தோ வரும் வரை பதிவைத் தொடங்காதீர்கள். இன்டர்ஃபேஸைத்தான் தலைவராக்குவேன் என்று அடம்பிடித்தால், அங்கிருந்து ப்ரீஆம்ப்புக்கு இரண்டாவது கேபிள் வேண்டும். தலைவரின் உத்தரவு தலைவர் வாயிலிருந்து அல்லவா வர வேண்டும். முதல் ஏற்பாட்டில் ஒரு தொந்தரவு: ப்ரீஆம்ப்பை அணைத்தால் இன்டர்ஃபேஸ் திசை தெரியாமல் திணறும். தனியாக வேலை செய்யும் நாளில் க்ளாக்கை மறுபடி இன்டர்னலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டுங்கள்.

ஏன் தாளில் எழுதச் சொல்கிறேன் என்றால், 90-களின் நடுவில் நான் உதவியாளனாக இருந்த ஓர் இடத்தில் ராத்திரி கோரஸ் பதிவு. அப்போது வீடியோ கேசட்டில் 8 ட்ராக் பதியும் ஏடாட் மெஷின்கள் வந்த புதிது. உங்கள் ஆப்டிகல் இணைப்புக்கு அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பன்னிரண்டு பேர் பாடுகிறார்கள், டிக், டிக். மைக் ஸ்டாண்டைக் கழற்றினோம். ஃப்ரிட்ஜை அணைத்தோம். வாட்ச்மேன் அறையில் ஓடிய ஃபேனைக்கூட நிறுத்தச் சொன்னார் எங்கள் இன்ஜினியர். விடியற்காலை மூன்று மணிக்கு அவரே மேஜைக்கடியில் புகுந்து, கன்சோலின் க்ளாக் இன்டர்னலில் இருப்பதைக் கண்டுபிடித்தார். மத்தியானம் ஒரு பழைய டேப்பைக் கேட்பதற்காக அதை மாற்றியவன் நான். திருப்பி வைக்க மறந்துவிட்டேன். அன்று வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கும் சத்தத்தில் விரிசல் வருகிறது. ஆனால் ஒழுங்கில்லாமல், சாஃப்ட்வேருக்குள் எஃபெக்ட் சேர்க்கும் ப்ளக்-இன் அதிகமாகப் போட்டால் 'சரசர' என்று. 40,000 ரூபாய்க்குத் தனியாக மாஸ்டர் க்ளாக் பெட்டி வாங்கினால் சரியாகும், குரலும் இனிமையாகும் என்று நண்பன் சொல்கிறான். வாங்கலாமா?
– இன்ஜினியரிங் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை அப்பாவிடம் திருப்பிக் கொடுங்கள்.

நாகர்கோவில்காரருக்கு வருவது சீராக வரும் டிக். உங்களுக்கு வருவது வேலை கூடினால் வரும் சரசரப்பு. முன்னது க்ளாக், பின்னது பஃபர். இன்டர்ஃபேஸ் கம்ப்யூட்டரிடம் கொத்துக் கொத்தாகச் சாம்பிள் கேட்கும். அந்தக் கொத்தின் அளவுதான் பஃபர். 44.1-ல் அதை 128 சாம்பிள் என்று வைத்திருந்தால் ஒவ்வொரு கொத்துக்கும் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் 2.9 மில்லி செகண்ட். அதற்குள் இருபது ப்ளக்-இன்னையும் சமைத்துப் பரிமாற வேண்டும். முடியாதபோது இலை காலியாக இருக்கும், அதுதான் சரசரப்பு. பாடும்போது 128 வையுங்கள், ப்ளக்-இன்களை அணைத்துவிடுங்கள். மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றுங்கள். அவகாசம் 23 மில்லி செகண்ட் ஆகிவிடும். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, பவர் சேவரை எடுத்துவிட்டு, வைஃபையை அணைத்துப் பாருங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் கம்பெனி கொடுக்கும் ஏசியோ டிரைவரையே போடுங்கள்.

மாஸ்டர் க்ளாக் என்பது பத்துப் பெட்டிகளை ஒன்றாகக் கட்டி மேய்க்க வேண்டிய இடத்துக்கு. ஒரே இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்குப் பெட்டிக்குள் இருக்கும் க்ளாக்தான் சிறந்தது. அது அளக்கும் சில்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து கேபிளில் கொண்டுவந்தால் அந்தச் சிக்னலைத் துரத்திப் பிடிப்பதற்கு உள்ளே இன்னொரு சர்க்யூட் உழைக்க வேண்டும். குரல் இனிமை சாதகத்தில் வரும்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் டொரொன்டோவில் வாய்ப்பாட்டுப் பாடுகிறேன். 40 நிமிட ராகம் தானம் பல்லவியைப் பதிவு செய்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். மிருதங்க வித்துவான் அதைத் தன் லேப்டாப்பில் கேட்டுக்கொண்டே வாசித்து, பக்கத்தில் வைத்த கையடக்க ரெக்கார்டரில் பதிந்து அனுப்பினார். முதல் பத்து நிமிடம் பொருந்துகிறது. போகப் போக மிருதங்கம் முந்துகிறது. முடித்துவைக்கும் கடைசித் தீர்மானம், நான் பல்லவியை எடுக்கும் இடமான எடுப்புக்கு வருமுன்னே விழுகிறது. அவர் தாளக்கட்டுள்ள வித்துவான், அவரிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– டொரொன்டோ, கனடா

பதில்: தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள், அவர் பேரில் ஒரு குறையும் இல்லை. அவர் வாசித்தது லேப்டாப்பின் கடிகாரத்துக்கு, பதிந்தது ரெக்கார்டரின் கடிகாரத்துக்கு. அந்த இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 25 பங்கு வித்தியாசம் என்றால் 10 நிமிடத்தில் 15 மில்லி செகண்ட். அது யார் காதுக்கும் படாது. 40 நிமிடத்தில் 60 மில்லி செகண்ட். நிமிடத்துக்கு 80 அட்சரம், அட்சரத்துக்கு 8 மிருதங்கச் சொல் என்று அவர் தீர்மானம் வைத்திருந்தால் ஒரு சொல்லின் நீளமே 94 மில்லி செகண்ட்தான். ஒரு சொல்லில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு முந்திப் போனால் எடுப்பு எங்கே நிற்கும்?

இப்போது கையில் இருப்பதைச் சரிசெய்ய, இரண்டு ட்ராக்கிலும் தொடக்கத்தில் ஓர் இடம், முடிவில் ஓர் இடம் தெளிவாகப் பொருத்த வேண்டும். அவர் ரெக்கார்டர் லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரலையும் கொஞ்சம் பிடித்திருந்தால் அதிர்ஷ்டம். உங்கள் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் அடையாளமாக வையுங்கள். முன்பக்கத்தைப் பொருத்திவிட்டு, பின்முனையை ரீப்பர் என்ற பதிவு சாஃப்ட்வேரில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுங்கள், சுருதியைக் காப்பாற்றும் செட்டிங்கை எடுத்துவிட்டு. சுருதி மாறிவிடுமே என்று பயப்பட வேண்டாம். இந்த அளவு இழுப்பில் மாறுவது அரைச்சுரத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுவில் வெட்டி ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். பல்லவியில் வெட்டு விழுந்தால் நிரவல் கேட்கிறவருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்கு உறுத்தும்.

அடுத்த முறை ரெக்கார்டரை மூடி வைக்கச் சொல்லுங்கள். பாட்டு எந்த இன்டர்ஃபேஸ் வழியாக அவர் காதுக்குப் போகிறதோ அதே இன்டர்ஃபேஸில் மிருதங்க மைக்கைச் செருகிப் பதியட்டும். அப்போது அந்தப் பெட்டி வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் உங்கள் குரலும் அவர் சொல்லும் சேர்ந்தே ஓடும். விலகல் என்ற பேச்சே இல்லை. அது முடியாத இடத்தில் தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு, இரண்டும் வேண்டும். முடிவில் தட்டத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

கேள்வி: நானும் என் மகளும் கதை சொல்லும் பாட்காஸ்ட் செய்கிறோம். ஆளுக்கொரு யுஎஸ்பி மைக். மேக் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறது.
– கிள்ளான், மலேசியா

பதில்: மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற கருவியைத் திறந்து 'அக்ரிகேட் டிவைஸ்' ஒன்று உருவாக்குங்கள். இரண்டு மைக்கையும் அதில் சேர்த்து, ஒன்றைக் க்ளாக் சோர்ஸாக வைத்து, மற்றதற்கு மட்டும் 'ட்ரிஃப்ட் கரெக்‌ஷன்' கட்டத்தில் டிக் போடுங்கள். இரண்டு மைக்கும் ஒரே சாம்பிள் ரேட்டில் இருக்கட்டும். யுஎஸ்பி மைக் ஒவ்வொன்றும் தனக்குள் தனிக் கடிகாரம் வைத்திருக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் என்பதுதான் சிக்கலே. பேச்சுக்கு இது தாராளமாகப் போதும். பின்னாளில் பாட்டும் பதியப் போகிறீர்கள் என்றால் இரண்டு மைக்கையும் விற்றுவிட்டு, சாதாரண மைக் இரண்டும் ஓர் இன்டர்ஃபேஸும் வாங்குங்கள். பணம் ஏறக்குறைய அதேதான்.

கேள்வி: 44,100 என்ற இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 96,000-ல் பதிந்தால் தரம் இரட்டிப்பாகுமா?
– தூத்துக்குடி

பதில்: விசித்திரம் என்று சொல்லாதீர்கள், 210-ஐ 210-ஆல் பெருக்கிப் பாருங்கள். சரியாக 44,100 வரும். அதாவது 2, 3, 5, 7 ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் பெருக்கினால் கிடைப்பது.

70-களின் கடைசியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் சுலபமாகக் கிடைக்கவில்லை. வீடியோ டேப்தான் இருந்தது. அதனால் ஒலியை வீடியோ படம் மாதிரி வேஷம் போட்டு, டிவி படத்தை வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் 3 சாம்பிள் வீதம் எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறை வீடியோவில் அரைப்படத்துக்குப் பயன்படுத்தக்கூடிய 245 கோடு, நொடிக்கு 60 அரைப்படம். நம் ஊர், ஐரோப்பிய முறையில் 294 கோடு, நொடிக்கு 50. எந்த முறையானாலும் கோட்டை அரைப்படத்தால் பெருக்கி, அதை 3-ஆல் பெருக்குங்கள், இரண்டுமே 44,100. உலகத்து இரண்டு டிவி முறைக்கும் ஒத்துப்போகும் எண். 1982-ல் கடைக்கு வந்த சி.டி. அதையே எடுத்துக்கொண்டது. வீடியோ டேப் மறைந்தும் அதன் கோடுகள் உங்கள் பாட்டில் இருக்கின்றன.

48,000 சினிமாவுக்குத் தோது. நொடிக்கு 24 ஃபிரேமில் ஒவ்வொன்றுக்கும் சரியாக 2,000 சாம்பிள். 44,100 என்றால் 1,837-ம் அரையும் என்று முழுசாக வகுபடாது. குறும்படம், யூடியூப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 48. வெறும் பாட்டுக்கு எதுவானாலும் சரி, தொடங்கியதை முடிவு வரை மாற்றாதீர்கள். 96-ல் பதிந்தால் நிச்சயமாக இரட்டிப்பாவது ஃபைல்தான்: 24 பிட் மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.6 எம்.பி.யிலிருந்து 17.3 எம்.பி. ஆகும். எட்டு மைக் ஆப்டிகல் இணைப்பில் வருவதும் நாலாகக் குறையும். 24 பிட்டில் 48,000 என்று பதிந்துவிட்டு, மிச்ச கவனத்தை ஜன்னலை மூடுவதில் செலுத்துங்கள்.

கேள்வி: 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இரைச்சல். இதுவும் க்ளாக்கா?
– வேலூர்

பதில்: இல்லை, அது 50 ஹெர்ட்ஸ் கரண்டு. லேப்டாப் சார்ஜரை உருவிவிட்டுப் பதிந்து பாருங்கள். நின்றுவிட்டால் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே ப்ளக் பாயின்டிலிருந்து எடுங்கள்.

கேள்வி: அப்பா நாகஸ்வர வித்துவான், இப்போது இல்லை. 1991 வாக்கில் கோயில் திருவிழாவில் வாசித்ததை யாரோ கேசட்டில் பதிந்து கொடுத்தது ஒன்றுதான் மிச்சம். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அண்ணன் கேட்டுவிட்டு, "அப்பா வாசிப்பு இவ்வளவு விறுவிறுப்பா இருக்காது, சுருதியும் தூக்கலா இருக்கு" என்கிறான். இதுவும் நீங்கள் சொல்லும் 44.1, 48 கோளாறுதானா?
– மயிலாடுதுறை

பதில்: முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒரு நிமிடப் பரீட்சையை கேசட்டில் வைக்க முடியாது. மாற்றும்போது பயன்படுத்திய அதே கம்ப்யூட்டரில், அதே செட்டிங்கில் மைக்கை வைத்து ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். 60 நொடி காட்டினால் கம்ப்யூட்டர் நிரபராதி. அப்புறம் இருப்பது மோட்டார். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பதிந்த செட்டும் நீங்கள் ஓட்டிய செட்டும் இந்த வேகத்தைச் சரியாகக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. பெல்ட் தளர்ந்த டெக் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

உண்மையான வேகம் என்ன என்று கேசட்டுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கலாம். வேலூர் நண்பர் விரட்டச் சொன்ன அதே 'ம்ம்ம்' தான். வாசிப்பு தொடங்குமுன் அல்லது தவில் தனிக்கு முன் அமைதியான நாலைந்து நொடியை அடாசிட்டியில் தேர்ந்தெடுத்து, 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' எடுங்கள். 'சைஸ்' பெரிதாக, 65,536 வையுங்கள். கரண்டு இரைச்சல் 50-லும் அதன் மடங்கான 100-லும் மேடாகத் தெரியும். 100 இருக்க வேண்டிய மேடு 104-ல் நின்றால் டேப் நூற்றுக்கு 4 வேகமாக ஓடியிருக்கிறது. 100-ஐ 104-ஆல் வகுத்தால் 0.9615, அந்த அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள், 'சேஞ்ச் ஸ்பீட்' போட்டு. சுருதியும் காலமும் சேர்ந்து இறங்கும்.

இதில் இரண்டு ஓட்டை உண்டு. அந்தக் காலத்தில் நம் கரண்டு 50-ல் அசையாமல் நின்றதில்லை. ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால் கணக்கு அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தவறும். இன்னொன்று, திருவிழா மைக் செட் ஜெனரேட்டரில் ஓடியிருந்தால் அந்தச் சாட்சி சொல்வதை அப்படியே நம்ப முடியாது. டீசல் ஜெனரேட்டர் தன் இஷ்டத்துக்குத்தான் ஓடும். கேசட்டில் பின்னணியில் ஜெனரேட்டர் உறுமல் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

அதனால் இதைக் கிட்டத்தட்ட என்ற அளவில் வைத்துக்கொண்டு, முடிவை வேறு இடத்தில் கேளுங்கள். அப்பாவின் நாகஸ்வரம் வீட்டில் இருக்கிறதா? அது எந்தக் கட்டை வாத்தியம் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்து போயிருக்கும். வாசிக்கத் தெரிந்த யாரையாவது அழைத்து, சீவாளியை நனைத்து மாட்டி, ஆதார ஸட்ஜத்தை நீளமாக ஊதச் சொல்லுங்கள். அதைப் பதிந்து, கேசட் வாசிப்பில் அப்பா ஸட்ஜத்தில் நிற்கும் இடத்தோடு வைத்துப் பாருங்கள். புதுச் சீவாளி என்றால் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஊதுகிறவர் வாய்க்கும் ஒரு மயிரிழை மாறும். 100 ஹெர்ட்ஸ் மேடு காட்டும் எண்ணும் அந்த ஸட்ஜமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால், இடைப்பட்ட ஓர் இடத்தில் வேகத்தை நிறுத்திவிட்டு அண்ணனை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.